ஈரானிய ராஜதந்திரி கவாம்

1906-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள், பாரசீக மன்னர் முஸஃபருத்தீன் ஷா ஓர் அரசாணையில் ஒப்பமிட்டார். மன்னர் சொல்லே சட்டம் என்று பன்னெடுங்காலமாக வாழ்ந்து வந்த நாட்டில், குடிமக்களின் பிரதிநிதிகள் கூடும் சபை ஒன்று அமையலாம் என்று அந்த ஆணை அறிவித்தது. ஒப்பம் மன்னருடையது, எழுத்து மன்னருடையது அன்று. முப்பது வயதைச் சற்றே கடந்த அரண்மனைச் செயலர் ஒருவர் தம் அழகிய கையெழுத்தில் அதனைத் தீட்டியிருந்தார். பின்னாளில் கவாம் உஸ்ஸல்தனா என்னும் பட்டத்தால் உலகம் அறிந்த அகமது கவாம் அவரே.

அவர் கையால் எழுதிய அந்த ஆணையிலிருந்து பிறந்ததுதான் மஜ்லிஸ் என்னும் ஈரானிய நாடாளுமன்றம். அதே மஜ்லிஸைக் கேடயமாகக் கொண்டு, 40 ஆண்டுகளுக்குப் பின் அவர் தம் நாட்டின் வடபகுதியை மீட்டார். அதன் துணையை இழந்த நாளில் ஐந்தே நாளில் வீழ்ந்தார். ஐந்து முறை பிரதமர் பதவி வகித்த இப்பெரியவரின் வாழ்வைச் சிந்திப்பது, வலிமை குன்றிய ஒரு நாடு வல்லரசுகளின் நடுவே எவ்வாறு உயிர் தரிக்கிறது என்பதைச் சிந்திப்பதேயாகும்.

நேயர்களே, பாரசீகத்தில் பிரபுக்கள் இருவகையினர். வாள்வலியால் உயர்ந்த குலத்தலைவர்கள் ஒருவகை. எழுதுகோலால் உயர்ந்தோர் மற்றொரு வகை. வரிக்கணக்கும், கடிதப் போக்குவரத்தும், ஆவணங்களும் பரம்பரையாகக் கைவந்த குடும்பங்கள் அவை. அரச மரபுகள் வரும், போகும். கணக்கறிந்தவன் தேவை மட்டும் போவதில்லை. இந்த எழுதுகோல் மரபு நமக்கும் அந்நியமன்று. திவான், தாசில்தார், சிரஸ்தார், ஜமாபந்தி, தஸ்தாவேஜு என்று நம் ஊர்க் கச்சேரிகளில் வழங்கிய சொற்களெல்லாம் பாரசீக மொழியில் நடந்த ஆட்சியின் வழியாக நம்மை அடைந்தவையே.

கவாம் 1870-களில் தெஹ்ரானில் அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்தார். தாய்மாமன் அமீன் உத்தௌலா சீர்திருத்தம் விரும்பிய பிரதமர். தமையன் வுஸூக் உத்தௌலாவும் பின்னர்ப் பிரதமரானவர். பிற்காலத்தில் எண்ணெய் வளத்தை நாட்டுடைமையாக்கிப் புகழ்பெற்ற டாக்டர் மொஸாதிக் இவர்களுக்கு உறவினர். ஒரே குடிவழியில் வந்த இவ்விருவரும், கவாமும் மொஸாதிக்கும், நாட்டின் விதியை இருவேறு வழிகளில் தாங்க நேர்ந்தது விந்தைதான்.

அவர் அரசியலில் கால்வைத்த காலத்துப் பாரசீகத்தின் நிலை மத்தளத்தின் நிலை. இரு பக்கமும் இடி. வடக்கே ரஷ்யப் பேரரசு. தெற்கே பாரசீக வளைகுடாவில் பிரிட்டிஷ் கப்பற்படை. இந்தியப் பேரரசின் மேற்கு வாயிலைக் காப்பது பிரிட்டனின் கவலை. தென்கடலை நோக்கி நகர்வது ரஷ்யாவின் ஆசை. 1907-இல் இரு பேரரசுகளும் உடன்பாடு செய்துகொண்டு, வடக்கு ரஷ்யாவின் செல்வாக்கு மண்டலம், தென்கிழக்கு பிரிட்டனின் மண்டலம் என்று வரைபடத்தில் கோடு கிழித்தன. வீட்டுக்கு உடையவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1919-இல் தமையன் வுஸூக், பிரிட்டனுடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். பாரசீகத்தின் படையும் நிதியும் பிரிட்டிஷ் ஆலோசகர் கைக்குச் செல்ல வழிசெய்த ஒப்பந்தம் அது. அதன்பொருட்டு அவரும் அவருடைய அமைச்சர் இருவரும் பிரிட்டனிடம் பணம் பெற்ற செய்தி வெளியானபோது நாடு கொதித்தது. ஆயினும் அந்த ஒப்பந்தம் உயிர் பெறவில்லை. அரசியலமைப்பின்படி மஜ்லிஸ் ஒப்புதல் தரவேண்டும். அந்த ஒப்புதல் கிட்டவே இல்லை. 1921-இல் அது கைவிடப்பட்டது. பிரதமர் ஒருவர் கையெழுத்திட்டும் மஜ்லிஸின் இசைவின்றி ஓர் ஒப்பந்தம் வெற்றுத்தாளாகிவிடும் என்பதை நாடு கண்டது. தம்பியும் கண்டார்.

அக்காலத்தில் கவாம் வடகிழக்கில் உள்ள குராஸான் மாகாணத்தின் ஆளுநர். 1921 பிப்ரவரியில் சையத் ஜியாவும் படைத்தலைவர் ரேஸா கானும் தெஹ்ரானைக் கைப்பற்றினர். புதிய அரசுக்குக் கவாம் பணியவில்லை. ஏப்ரலில் கர்னல் பெஸ்யான் அவரைக் கைதுசெய்து தலைநகருக்கு அனுப்பினார். மூன்றே மாதத்தில் சையத் ஜியா பதவியிழந்து நாட்டை விட்டு வெளியேற, சிறையிலிருந்த கவாம் ஜூன் மாதம் பிரதமரானார். நேற்றைய கைதி இன்றைய பிரதமர்!

அவருடைய வெளிநாட்டுக் கொள்கையின் அடிப்படை அப்போதே தெளிவாயிற்று. இரு பகைவர் நடுவே நிற்பவன் மூன்றாம் ஒருவனைத் துணைக்கு அழைக்கவேண்டும் என்பது அவர் கருத்து. வடபகுதி எண்ணெய்க்கு அமெரிக்க நிறுவனங்களை அழைத்தார். நாட்டின் நிதியைச் சீர்செய்ய ஆர்தர் மில்ஸ்பா என்னும் அமெரிக்கர் வந்ததும் அவருடைய இரண்டாம் ஆட்சிக் காலத்தில், 1922-இல்தான்.

ஆனால் உள்நாட்டில் ஒரு வாள் உயர்ந்துகொண்டிருந்தது. ரேஸா கான் 1923-இல் கவாம் தம்மைக் கொல்லச் சதிசெய்ததாகக் குற்றஞ்சாட்டி அவரைச் சிறைப்படுத்தினார். பின்பு ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1925-இல் ரேஸா கான் ரேஸா ஷா ஆனார். ஆண்டுகள் பல கழித்துத் தாயகம் திரும்பிய கவாம் அரசியலை நாடவில்லை. காஸ்பியன் கடலோரத்து லாஹிஜானில் தம் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வூர்த் தேயிலைக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவில் பாரசீகத் தூதுவராக இருந்த ஒருவர் இங்கிருந்து கொண்டுசென்ற கன்றுகளே அங்குத் தேயிலைப் பயிருக்கு வித்திட்டவை.

தோட்டத்து அமைதியை உலகப்போர் கலைத்தது. 1941 ஆகஸ்டு 25 அன்று சோவியத் படை வடக்கிலிருந்தும் பிரிட்டிஷ் படை தெற்கிலிருந்தும் ஈரானுக்குள் நுழைந்தன. ரேஸா ஷா முடிதுறந்தார். அவர் மகன் முகம்மது ரேஸா அரியணை ஏறினார். போர் முடிந்து ஆறு மாதத்திற்குள் தம் படைகளை விலக்கிக்கொள்வதாக இரு வல்லரசுகளும் 1942 ஜனவரியில் ஒப்பந்தம் செய்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் கவாம் மூன்றாம் முறை பிரதமரானார். அயல்படைகள் தங்கிய நாட்டில் உணவுத் தட்டுப்பாடு மிகுந்தது. டிசம்பரில் ரொட்டி கேட்டுத் திரண்ட மக்கள் தெஹ்ரானில் கலகம் செய்தனர். பிரதமரின் வீடும் சூறையாடப்பட்டது. சில வாரங்களில் அவர் பதவி விலகினார்.

இனி அவருடைய வாழ்வின் உச்சத்துக்கு வருவோம். போர் 1945 செப்டம்பரில் முடிந்தது. ஆகவே 1946 மார்ச்சு 2-ஆம் நாளுக்குள் அயல்படைகள் வெளியேறவேண்டும். அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் வெளியேறினர். சோவியத் படை நகரவில்லை. மாறாக, வடமேற்கு மாகாணமாகிய அஜர்பைஜானில், தப்ரீஸ் நகரைத் தலைநகராகக் கொண்டு பிஷேவரி என்பார் தலைமையில் 1945 டிசம்பரில் ஒரு தனி அரசு எழுந்தது. அடுத்த மாதமே மகாபாதில் காஜி முகம்மது தலைமையில் குர்துக் குடியரசு பிறந்தது. அங்கே செல்ல முயன்ற ஈரானியப் படையைச் சோவியத் படை வழியிலேயே மறித்தது. இவ்வியக்கத்தைத் தோற்றுவிக்க மாஸ்கோ 1945 ஜூலையிலேயே ரகசிய ஆணை பிறப்பித்திருந்தது என்பதைப் பிற்காலத்தில் வெளிவந்த சோவியத் ஆவணங்கள் காட்டுகின்றன. எனினும் அதன் பின்னே உள்ளூர் மனக்குறைகளும் இருந்தன. தாய்மொழியாகிய துருக்கியில் பள்ளிக்கல்வி இல்லை. தலைநகரின் கவனிப்பு இல்லை என்ற குறைகள் உண்மையானவையே.

இந்த நெருக்கடியில், 1946 ஜனவரி இறுதியில், மிகக் குறுகிய பெரும்பான்மையில் மஜ்லிஸ் கவாமைத் தேர்ந்தெடுத்தது. எழுபதை எட்டிய முதியவர், கறுப்புக் கண்ணாடி அணிந்த முகம், நெகிழாத பெருமிதம். பிப்ரவரியில் தாமே மாஸ்கோ சென்றார். ஸ்டாலினும் மோலோடோவும் அவர் முன் மூன்று கோரிக்கைகளை வைத்தனர்: வடபகுதி எண்ணெய் உரிமை, அஜர்பைஜானுக்குத் தன்னாட்சி, சில இடங்களில் சோவியத் படை தொடர்ந்து தங்க இசைவு. அவர் மறுமொழி ஒன்றே: சட்டம் இடந்தரவில்லை. தன்னாட்சியை அரசியலமைப்பு ஏற்காது. எண்ணெய் பற்றி அயலாருடன் பேசும் பிரதமருக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் சட்டம் ஒன்றை 1944 டிசம்பரில் மஜ்லிஸ் நிறைவேற்றியிருந்தது. அதனைக் கொண்டுவந்தவர் உறவினரான மொஸாதிக். அவர் இயற்றிய வேலியைக் கவாம் தமக்குக் கவசமாக்கிக்கொண்டார். அவர் மாஸ்கோவில் இருக்கும்போதே மார்ச்சு 2 கடந்தது, படை நின்றது, அவர் வெறுங்கையுடன் திரும்பினார்.

வெறுங்கை என்பது தோற்றந்தான். மஜ்லிஸின் பதவிக்காலம் மார்ச்சு நடுவில் முடிந்தது. அயல்படை நாட்டில் இருக்கும்வரை புதிய தேர்தல் நடத்தலாகாது என்று அதே மஜ்லிஸ் முன்னரே சட்டம் செய்திருந்தது. இப்போது கவாமின் கணக்கு எளியதாயிற்று: படை போனால்தான் தேர்தல்; தேர்தல் நடந்தால்தான் மஜ்லிஸ்; மஜ்லிஸ் கூடினால்தான் எண்ணெய். ஸ்டாலினுக்கு எண்ணெய் வேண்டுமானால் முதலில் தம் படையை அழைத்துக்கொள்ளவேண்டும்.

ஒருபுறம் தெஹ்ரானில் சோவியத் தூதரிடம் இன்சொல். மற்றொருபுறம் நியூயார்க்கில், ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில், ஈரானின் தூதர் ஹுசேன் ஆலா விடாப்பிடியாக வழக்காடினார். மார்ச்சு 27 அன்று சோவியத் பிரதிநிதி குரோமிகோ சபையை விட்டு வெளிநடப்புச் செய்தார். அமெரிக்காவும் கடுமை காட்டியது. இதற்கிடையே சோவியத் மனம் குளிர, கவாம் அதன் பகைவரெனப்பட்ட சையத் ஜியாவைக் கைதுசெய்தார். 1921-இல் தம்மைச் சிறையிட்டவரைச் சிறையிட்டதில் அவருக்குச் சொந்த நிறைவும் இருந்திருக்கலாம்!

ஏப்ரல் தொடக்கத்தில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. மார்ச்சு 24 முதல் ஆறு வாரத்தில் சோவியத் படை வெளியேறும். வடபகுதி எண்ணெய்க்கு ஒரு கூட்டு நிறுவனம் அமையும். முதல் 25 ஆண்டுகள் அதில் சோவியத்துக்கு 51 பங்கு, ஈரானுக்கு 49. அஜர்பைஜான் ஈரானின் உள்நாட்டு விவகாரம். எண்ணெய் உடன்பாடு ஏழு மாதத்திற்குள் புதிய மஜ்லிஸின் ஒப்புதலுக்கு வைக்கப்படும். அந்தக் கடைசி வாசகத்தில்தான் சூட்சுமம். தமையன் 1919-இல் இட்ட கையெழுத்து எதனால் மடிந்ததோ, அதனையே தம்பி தம் கையெழுத்துக்குள் வித்தாகப் பொதித்துவைத்தார். மே மாதத்தில் செஞ்சேனை ஈரானைவிட்டு வெளியேறியது.

வள்ளுவர் காலமறிதல் என்று தனி அதிகாரமே வகுத்தார் அல்லவா? அடுத்த ஏழு மாதங்களும் அந்த அதிகாரத்துக்கு விளக்கவுரை போன்றவை. ஜூனில் பிஷேவரியுடன் சமாதானம் பேசினார். ஆகஸ்டில் இடதுசாரித் துதே கட்சியினர் மூவரைத் தம் அமைச்சரவையில் சேர்த்தார். இலையுதிர்காலத்தில் தெற்கே கஷ்காய் முதலிய குலத்தார் அதனை எதிர்த்துக் கிளர்ந்தனர். அதனைக் காரணமாகக் கொண்டு அக்டோபரில் அமைச்சரவையை மாற்றியமைத்துத் துதே அமைச்சர்களை விலக்கினார். பின்பு தேர்தலை அறிவித்தார். தேர்தலை ஒழுங்குடன் நடத்த எல்லா மாகாணங்களுக்கும் அரசுப்படை செல்லும் என்றார். அஜர்பைஜானும் ஒரு மாகாணந்தானே! டிசம்பர் 12-இல் தப்ரீஸ் அரசு சரிந்தது. வரவேண்டிய எண்ணெயை எண்ணி மாஸ்கோ வாளாவிருந்தது. பிஷேவரி எல்லை கடந்து ஓடினார்.

வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது வரலாறு ஆகாது. தப்ரீஸில் பழிவாங்கலில் பல உயிர்கள் மாண்டன. மகாபாதின் காஜி முகம்மது 1947 மார்ச்சு இறுதியில் தூக்கிலிடப்பட்டார். தாய்மொழி வேண்டிய மக்களுக்கு அளித்த வாக்குறுதிகள் காற்றில் போயின. மாஸ்கோவுக்குக் கொடுத்த வாக்கைக் காலங்கடத்திய சாமர்த்தியம், சொந்தக் குடிமக்களுக்குக் கொடுத்த வாக்கிலும் கடைப்பிடிக்கப்பட்டது. நாடு ஒன்றாயிற்று, நெஞ்சங்கள் ஒன்றாயினவா என்பது வேறு கேள்வி.

புதிய மஜ்லிஸ் 1947 ஜூலையில் கூடியது. அந்தத் தேர்தலில் முறைகேடு நிகழ்ந்ததென்ற குற்றச்சாட்டும் அவருடைய கட்சியின் மேல் விழுந்தது. அக்டோபர் 22 அன்று எண்ணெய் உடன்பாடு வாக்கெடுப்புக்கு வந்தது. 102 பேர் எதிர்த்தனர், ஆதரவு 2. பிரதமர் நல்லெண்ணத்துடனேயே பேசினார், ஆயினும் உடன்பாடு செல்லாது என்று சபை தீர்மானித்தது. தெற்கு எண்ணெய் வயல்களிலும் நாட்டின் உரிமையை மீட்க அரசு முயலவேண்டும் என்றும் அதே சட்டம் பணித்தது. 1951-இல் எண்ணெய் நாட்டுடைமையானதற்கு அந்த வாசகம் ஒரு தொடக்கம். ஸ்டாலினை வென்றது கவாமா, ஐக்கிய நாடுகள் சபையா, அமெரிக்க நெருக்குதலா என்று வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுவர். மூன்றும் ஒரே திசையில் இழுக்கும்படி கயிற்றைப் பிடித்திருந்தவர் கவாம் என்பதை மறுப்பது அரிது.

ஆனால் தந்திரத்தால் வென்றவனை நண்பரும் முழுமையாக நம்புவதில்லை. இளம் அரசர் அவர் செல்வாக்குக்கு அஞ்சினார். ஊழல் புகார்கள் எழுந்தன. தம் கட்சியே பிளந்தது. 1947 டிசம்பரில் மஜ்லிஸின் நம்பிக்கையை இழந்து பதவி விலகி, ஐரோப்பா சென்றார். 1949-இல் அரசியலமைப்பைத் திருத்தி, நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தை அரசர் பெற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு கவாம் பாரிஸிலிருந்து அரசருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். 1906-ஆம் ஆண்டு ஆணையைத் தம் கையால் எழுதியவருக்கு அந்த உரிமை இல்லையா? அரசர் தாம் அளித்திருந்த பெரும்பட்டத்தைப் பறித்ததே அதற்குக் கிடைத்த விடை.

இறுதிக் காட்சி 1952 ஜூலையில். போர்த்துறைப் பொறுப்பைத் தமக்குத் தர அரசர் மறுத்ததால் பிரதமர் மொஸாதிக் பதவி துறந்தார். எண்பதை நெருங்கிய கவாம், உடல் நலிந்த நிலையில், ஐந்தாம் முறை பிரதமரானார். மொஸாதிக்கின் ஆதரவாளர் புறக்கணித்த, பாதி வெறுமையான மஜ்லிஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஜூலை 18-இல் வானொலியில் அவருடைய அறிக்கை ஒலித்தது. கலகம் செய்வோரைச் சிறப்பு நீதிமன்றத்தில் நிறுத்துவேன் என்று அது மிரட்டியது. மஜ்லிஸைக் கலைக்கும் ஆணையையும் அவர் அரசரிடம் நாடினார், அரசர் தரவில்லை. இரண்டாண்டுக்கு முன் எந்த அதிகாரத்தைக் கண்டித்துப் பட்டம் இழந்தாரோ, அதனையே இப்போது துணைக்கு அழைத்தார். ஜூலை 21 அன்று தெஹ்ரான் கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தனர். அன்று மாலையே கவாம் பதவி விலகினார். மறுநாள் மொஸாதிக் மீண்டும் பிரதமரானார்.

அதன்பின் கவாமின் சொத்துகளைப் பறிமுதல் செய்ய மஜ்லிஸ் மசோதா நிறைவேற்றியது. மொஸாதிக்கும் நிலைக்கவில்லை. 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் துணையுடன் நடந்த புரட்சி அவரை வீழ்த்தியது. கவாம் 1955 ஜூலையில் மறைந்தார்.

1946-இன் கவாமும் 1952-இன் கவாமும் அறிவால் வேறானவர் அல்லர். முதலாமவர், என் கை கட்டப்பட்டிருக்கிறது, சட்டம் இடந்தரவில்லை என்று சொல்லி ஸ்டாலினைக் காக்கவைத்தார். இரண்டாமவர், என் கையில் அதிகாரம் இருக்கிறது என்று தம் மக்களையே மிரட்டினார். வலியவனை எதிர்க்கும்போது சட்டத்தைத் துணைகொண்டவர், எளியவரை ஆளும்போது அதனை மறந்தார். மாஸ்கோவில் அவருக்கு வலிமை தந்தது அவர் முன்னோரின் பெருமையன்று. தமக்குப் பின்னால் ஒரு சபை உண்டு, அதன் பின்னால் ஒரு மக்கட் கூட்டம் உண்டு என்ற நிலைமையே.

தெஹ்ரானில் அவர் வாழ்ந்த மாளிகை இன்றும் அழகாக நிற்கிறது. சில காலம் எகிப்தியத் தூதரகமாக இருந்து, பின்னர்க் கண்ணாடியும் மண்பாண்டமும் காட்சிக்கு வைத்த அருங்காட்சியகமாயிற்று. அது அமைந்த தெரு முன்பு கவாம் உஸ்ஸல்தனா தெரு என்றே அழைக்கப்பட்டது. இன்று அதன் பெயர் '30 தீர்' தெரு. தீர் என்பது ஈரானியர் நாட்காட்டியில் ஒரு மாதம். அம்மாதம் 30-ஆம் நாள், அவரை மக்கள் வீழ்த்திய 1952 ஜூலை 21.